குரோ டென்டுக்குள் பூச்சி வராமல் பார்ப்பது: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலையில் வெளியே ஒரு கொச்சிக்காய்க் கன்று வைத்தால் கச்சான் காற்று காய வைக்கும், அதில் தப்பினால் மாரி மழை வேரை அழுக வைக்கும், இரண்டிலும் தப்பினால் கோட்டைப் பக்கமிருந்து உலாத்த வரும் மான் ஒன்று நுனியைக் கடித்துவிட்டுப் போகும். அதனால்தான் நானும் அறைக்குள் ஒரு குரோ டென்ட், அதாவது செடி வளர்க்கும் துணிக் கூடாரம் ஒன்று, போட்டேன். நாலடிக்கு இரண்டடி, ஆள் உயரம், உள்பக்கம் வெள்ளி மினுக்கல் துணி, மேலே எல்.ஈ.டி. விளக்கு, காற்றை வெளியே இழுக்க ஒரு ஃபேன். சிப்பை இழுத்து மூடிவிட்டால் எறும்பு கூட நுழையாது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம் முப்பது நாற்றில் பதினொன்று சரிந்து கிடந்தன.

வெளியில் ஒரு இலையில் பேன் பிடித்தால் அதைப் பொறிவண்டு தின்னும், சிலந்தி பிடிக்கும், ஒரு மழை வந்து கழுவிவிடும். கூடாரத்துக்குள் மழையும் இல்லை, பொறிவண்டும் இல்லை. எப்போதும் அளவான சூடு, எப்போதும் இளம் இலை. உள்ளே போன ஒரு பூச்சிக்கு அது கல்யாண வீடு. அதனால் வந்த பிறகு மருந்தடிக்கலாம் என்று இருக்கவே கூடாது, வாசலில் வைத்துத் தடுக்க வேண்டும். பூச்சி தானாகப் பறந்து வந்து நுழைவது குறைவு. பெரும்பாலும் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் விடுகிறோம்: மண்ணோடு, நாற்றோடு, உடுத்திருக்கும் சாரத்தோடு.

மண்ணில் தொடங்குங்கள்

என்னுடைய பதினொரு நாற்றும் சரிந்தது மண்ணால். பின்வளவில் ஒரு வருடமாகக் கிடந்த கூட்டெருவை அப்படியே அள்ளித் தும்புத்தூளோடு கலந்து சாடிகளில் நிரப்பினேன். நல்ல எருதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈரமான கூட்டெருவில் கறுப்பாக, நுளம்பைவிடச் சிறிதாக, கால் நீண்ட ஒரு ஈ முட்டையிட்டிருக்கும். ஃபங்கஸ் நாட் என்பார்கள், நான் மண்ணீ என்றே எழுதுகிறேன். வளர்ந்த ஈ செடியை ஒன்றும் செய்யாது. அதன் புழுதான் ஆள்: கண்ணாடி போல வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருந்துகொண்டு அழுகல், பங்கசு, அதோடு நாற்றின் மெல்லிய வேர் எல்லாவற்றையும் தின்னும். ஒரு பெண் ஈ நூறு, இருநூறு முட்டை வரை இடும். முட்டை ஈயாவதற்கு மூன்று நான்கு வாரம், எங்கள் சூட்டுக்கு இன்னும் கெதியாக.

பறக்கிறது மண்ணீயா, பழ ஈயா என்று புதிதாகத் தொடங்குபவர்கள் குழம்புவார்கள். குசினியில் வாழைக்குலையைச் சுற்றுவது பழ ஈ, உருண்டை உடம்பு, சிவந்த கண், செடிக்கு ஒன்றும் செய்யாது. மண்ணீ ஒல்லி. சாடியைத் தட்டினால் மண்ணுக்கு மேல் ஓடும், பிறகு சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் பறந்து திரும்ப மண்ணிலேயே இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது. தும்புத்தூள் கட்டியைக் கொதிநீர் ஊற்றி ஊற வையுங்கள், அது ஊறுவதற்கு எப்படியும் தண்ணீர் வேண்டும், அதைக் கொதிக்க வைத்து ஊற்றினால் ஒரு வேலை மிச்சம். கூட்டெரு சேர்ப்பதென்றால் பெரிய கிடாரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே தட்டு வைத்து, எருவைச் சாக்குத் துணியில் கட்டி ஆவியில் அவியுங்கள். எருவின் நடுப்பகுதி 80 பாகை செல்சியஸ் தாண்டி அரை மணித்தியாலம் இருந்தால் போதும். வீட்டில் மணக்கும், முற்றத்தில் அடுப்பு மூட்டுங்கள். நிறைய மண் வேண்டுமென்றால் கச்சான் காலத்து வெயில் இலவசம்: மண்ணை நனைத்து மெல்லிதாகப் பரப்பி, தெளிவான பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் மண் போட்டு இறுக்கி, நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், தெளிவானதுதான் உள்ளே சூட்டை ஏற்றும்.

சாடியில் நட்ட பிறகு மேலே அரை அங்குலத்துக்கு ஆற்று மணல் போடுங்கள். மணல் கெதியாகக் காயும், காய்ந்த இடத்தில் மண்ணீ முட்டையிடாது. ஆற்று மணல் என்றால் ஆற்று மணல்தான். உப்புவெளிக் கடற்கரையில் நடந்து போகும்போது ஒரு பை அள்ளி வரலாமே என்று தோன்றும், அந்த மணலில் உப்பு இருக்கிறது.

இன்னொன்று, இதைச் சொன்னால் அம்மாமார் கோபிப்பார்கள். தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய தண்ணீர், முட்டைக்கோது, இதெல்லாம் முற்றத்து ரோசாவுக்குச் சரி. கூடாரத்துக்குள் தேயிலைச் சக்கை போட்டால் மண்ணீக்குச் சோறு போட்டது மாதிரி. எங்கள் வீட்டில் நான் இல்லாத நேரம் பார்த்து யாரோ ஒருவர் போட்டுக்கொண்டே இருந்தார், யாரென்று சொல்ல மாட்டேன், சிப்பில் சின்னப் பூட்டுப் போட்ட பிறகுதான் நின்றது.

நாற்று வாங்குவதைவிட விதை போடுங்கள்

வெண் ஈ, பனிப்பூச்சி, அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி, சாறு உறிஞ்சும் இந்த நான்கும் பெரும்பாலும் வாங்கிய நாற்றில்தான் ஏறி வரும். விதையில் வராது. மிளகாய், தக்காளி, சலாது எல்லாம் விதையிலிருந்தே தொடங்கலாம், தொடக்கத்துக்கு எம்.ஐ. 2 இன மிளகாய் போதும். மின்ச்சி போன்றவற்றைத் தண்டு வெட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் வெட்டிய தண்டைத் தலைகீழாகப் பிடித்து ஓடும் தண்ணீரில் இலையின் அடிப்பக்கம் படக் கழுவி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு வையுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அது நேரே கூடாரத்துக்குப் போகக் கூடாது. வேறு அறையில், ஜன்னலோரமாக, இரண்டு வாரம் தனியே இருக்கட்டும். இரண்டு வாரம் ஏன் என்றால் வாங்கும்போது முட்டையாக இருந்தது அதற்குள் பொரித்துக் கண்ணில் படும். பனிப்பூச்சி முட்டையை இலைத் தசைக்குள்ளேயே செருகிவிடும், எவ்வளவு கழுவினாலும் போகாது, காத்திருந்து பார்ப்பதுதான் வழி. நான் ஒருமுறை ஒரு நாற்றுமேடையில் மூன்று தக்காளி வாங்கினேன், பச்சைப்பசேலென்று நின்றன, இவ்வளவு நல்ல செடியைத் தனியே வைப்பானேன் என்று அன்றே உள்ளே வைத்தேன். ஐந்தாம் நாள் இலையை அசைத்தபோது வெள்ளை மாவு தூவியது போல வெண் ஈ எழும்பியது. வெண் ஈ சாற்றை உறிஞ்சுவதோடு நிற்காமல் இலைச்சுருளல் வைரசையும் காவும், அதுதான் அதன் பெரிய தீமை. சுருண்ட செடிக்கு வைத்தியம் இல்லை, பிடுங்க வேண்டியதுதான்.

காற்று எந்த வழியால் வருகிறது

முதலில் ஓட்டை தேடுங்கள். பகலில் அறை ஜன்னலைத் திறந்து வைத்து, கூடாரத்து விளக்கை அணைத்து, உள்ளே போய்ச் சிப்பை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் சிப்பின் மூலையிலும் தையல் ஓரத்திலும் வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும். அங்கெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். வயர் நுழையும் துளையின் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள், நிறையப் பேர் மறப்பது அதைத்தான்.

அடுத்தது ஃபேன். அது காற்றை வெளியே இழுக்கிற மாதிரி மாட்டுங்கள், உள்ளே தள்ளுகிற மாதிரி அல்ல. வெளியே இழுத்தால் கூடாரத்தின் பக்கங்கள் கொஞ்சம் உள்நோக்கி ஒட்டும், அப்போது காற்று நீங்கள் விட்ட வழியால் மட்டும் உள்ளே வரும். அந்த வழிக்கு வடிகட்டி போட வேண்டும்.

நுளம்பு வலை காணாது. அதன் கண் ஒரு மில்லிமீற்றருக்கும் கூட, வெண் ஈயின் உடல் அகலம் அதில் பாதியும் இல்லை, பனிப்பூச்சி 0.2 மில்லிமீற்றர் ஓட்டைக்குள்ளும் புகும். நான் செய்தது இது: ஒரு பழைய அட்டைப் பெட்டியின் நான்கு பக்கத்தையும் ஜன்னல் மாதிரி வெட்டி, அம்மாவின் பழைய வொயில் சேலையை இரண்டு மடிப்பாகச் சுற்றி ஒட்டி, ஐந்தாவது பக்கத்தைக் காற்று வரும் வாயோடு டேப் போட்டுப் பொருத்தினேன். பெட்டி எதற்கு, துணியை நேரே வாயில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நெருக்கமான துணி காற்றை மறிக்கும், ஃபேன் திணறும், உள்ளே சூடேறும். பெட்டி போட்டால் துணியின் பரப்பு நாலைந்து மடங்கு கூடும், காற்று தாராளமாக வரும். கச்சான் புழுதிக்கு அந்தத் துணி ஒரு கிழமையில் பழுப்பாகிவிடும், கழற்றித் துவைத்துக் காயப்போட்டு மாட்டுங்கள். இரண்டு துணி இருந்தால் நல்லது.

விளக்கு நேரம் பற்றி ஒரு வார்த்தை. பகல் சூட்டுக்குப் பயந்து இரவில் விளக்கு எரிப்பவர்கள் உண்டு, நானும் கச்சான் காலத்தில் அப்படித்தான். ஆனால் மாரியின் முதல் மழை விழுந்த இரவுகளில் ஈசல் விளக்கைத் தேடி வரும், அதோடு அந்துப்பூச்சியும். அந்தக் கிழமைகளில் விளக்கைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள், அல்லது அறை ஜன்னலை ஆறு மணிக்கே மூடுங்கள்.

கரண்ட் போனால் உடனே சிப்பை முழுக்கத் திறந்து விடும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. தேவையில்லை. கரண்ட் இல்லையென்றால் விளக்கும் இல்லை, சூடு ஏறாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் செடி தாங்கும்.

அடுத்தது நீங்கள்

காலையில் முதலில் கூடாரம், பிறகு தோட்டம். இந்த ஒரு ஒழுங்கு பாதிப் பூச்சியைக் குறைக்கும். முற்றத்துக் கத்தரியைத் தடவிவிட்டு அதே கையோடு, அதே சாரத்தோடு உள்ளே போனால் அங்கிருந்த சிலந்திப் பேனும் கூடவே வரும். தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள் என்றால் குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் சிப்பில் கை வைக்க வேண்டும். கூடாரத்துக்கென்று ஒரு கத்தரிக்கோல், ஒரு தண்ணீர்ப் போத்தல் தனியே இருக்கட்டும். பூனையும் உள்ளே வேண்டாம்.

எறும்பைச் சும்மா விடாதீர்கள். எறும்பு செடியைத் தின்னாது, ஆனால் அழுக்கணவனையும் வெண்மூட்டுப்பூச்சியையும் அவை விடும் தேனுக்காகக் காவல் காக்கும், ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்குக் காவியும் செல்லும். சாடித் தட்டைச் சின்ன மேசையில் வைத்து, மேசைக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய சாப்பாட்டு அலுமாரி வித்தைதான், இங்கேயும் வேலை செய்யும். ஆனால் அந்தத் தண்ணீரில் நுளம்பு பெருகும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே கிண்ணத்தில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். சாடிக்குக் கீழே தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டுங்கள், அப்போது நுளம்பும் பெருகாது, மண்ணீயும் பெருகாது.

கச்சானும் மாரியும்

எங்கள் ஊரில் வருடத்தை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் வேலை இலகு. கச்சான் அடிக்கும் மாதங்களில், வைகாசி தொடங்கி ஆவணி வரை, காற்று வரண்டு சூடாக வரும், அது சிலந்திப் பேனின் காலம். விவசாயப் போதனாசிரியர் மைற்றா என்பார். எட்டுக் கால், அரை மில்லிமீற்றர் கூட இல்லை, சரியாகச் சொன்னால் பூச்சியே இல்லை, சிலந்தி இனம். 30 பாகையை ஒட்டிய சூட்டில் முட்டை ஒரு கிழமைக்குள் முட்டையிடும் பேனாகிவிடும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி தொங்கவிட்டு 50 முதல் 60 வீதத்துக்குள் வைத்திருங்கள். குறைந்தால் கூடாரத்துக்குள் ஒரு ஈரத் துவாயைத் தொங்கவிடுங்கள், சின்ன ஃபேன் ஒன்று இலைகளை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும்.

ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. எல்லாம் ஈரம். அப்போது மண்ணீயின் ஆட்சி. மருந்து ஒன்றுதான், தண்ணீரைக் குறைப்பது. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் இல்லை. சாடியைத் தூக்கிப் பாரத்தைப் பார்த்துப் பழகினால் இன்னும் நல்லது. தண்ணீரைக் குறைத்தால் செடி செத்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் வரும், நான் பார்த்த அளவில் தாகத்தால் செத்த நாற்றைவிட அன்பால் செத்த நாற்றுத்தான் அதிகம்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மெதுமெதுவென்று கொழுத்த இலை அழுக்கணவனுக்கு விருந்து.

கிழமைக்கு ஒருமுறை பார்வை

மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் ஆமணக்கெண்ணெயோ கிறீசோ பூசுங்கள். ஒன்று செடியின் நுனி உயரத்தில் தொங்கட்டும், மற்றது மண்ணுக்கு ஒட்டினாற்போலப் படுக்கையாக இருக்கட்டும், மண்ணீ அதில்தான் விழும். பொறி பூச்சியை ஒழிக்கும் என்று நம்பாதீர்கள், அது வந்துவிட்டதா என்று சொல்லும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணி அதன் மூலையிலேயே எழுதுங்கள். இரண்டு ஐந்தாகி, ஐந்து இருபதாகினால் மண்ணைப் பார்க்க வேண்டிய நேரம். ஒரு உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் அழுத்தி வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள், புழு இருந்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பல்லி பொறியில் ஒட்டும். என்னுடையதில் ஒரு குட்டி ஒட்டி, வால் போய், கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு கிடந்தது. இழுக்கக் கூடாது, தோல் உரியும். தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈர்க்கால் மெல்லக் கிளப்பினால் வந்துவிடும். இப்போது பொறியைச் சுற்றி அகலக் கண் வலை ஒன்று கட்டியிருக்கிறேன். பல்லி ஈயைப் பிடிக்கும், நல்ல ஆள்தான். ஆனாலும் பச்சையாகத் தின்னும் சலாது இருக்கும் கூடாரத்தில் அதன் எச்சம் வேண்டாம், நான் வெளியே விட்டுவிடுவேன்.

பிறகு இலையின் அடிப்பக்கம். ஒவ்வொரு செடியிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று திருப்பிப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அது தூசி இல்லை. விரலால் தேயுங்கள், சிவந்த கோடு விழுந்தால் பேன். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, ஓரம் கீழ்நோக்கி வளைந்து கவிழ்த்த வள்ளம் மாதிரி ஆனால் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் மைற்றா. இரண்டுக்கும் நுனிக்குருத்தில்தான் தேட வேண்டும்.

அப்படியும் வந்துவிட்டால்

பதறி நுளம்புச் சுருளைக் கொளுத்தி உள்ளே வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், வைத்தவரை எனக்குத் தெரியும், துணியில் காசளவு ஓட்டை இன்னும் இருக்கிறது. கரப்பான் ஸ்பிரேயும் வேண்டாம், அதன் வாயு தீப்பிடிக்கும், மருந்து நீங்கள் தின்னப்போகும் இலையில் படியும்.

பூச்சி பிடித்த இலையை உள்ளேயே வைத்துப் பொலித்தீன் பைக்குள் வெட்டி விழுத்தி, வாயைக் கட்டி, அதற்குப் பிறகு வெளியே எடுங்கள். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெய்: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் எண்ணெயோடு பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு முதலில் அந்த இரண்டையும் பால் மாதிரி ஆகும் வரை அடியுங்கள், அதற்குப் பிறகு ஒரு லீற்றர் தண்ணீர் சேருங்கள். நேரே தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதந்து இலையைச் சுடும். ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள், சுடவில்லை என்றால் முழுச் செடிக்கும். விளக்கு அணைந்த பிறகு அடியுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை, ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டை பொரித்துத் திரும்ப வரும். அந்தக் கிழமை பறிக்கப்போகும் சலாதுக்கு அடிக்க வேண்டாம், கசக்கும். மண்ணீப் புழுவுக்கு, மருந்துக் கடையில் விற்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைடை ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும்.

ஒரு செடியில் பூச்சி நிறையப் பிடித்துவிட்டால் அதைக் காப்பாற்ற நிற்காதீர்கள். வீசுங்கள். மற்றதெல்லாம் பிழைக்கும்.

அறுவடை முடிந்ததும் கூடாரத்தை முழுக்கக் காலியாக்குங்கள். பழைய மண் வெளியே போகட்டும், சாடிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள். துணி, சிப், கம்பி மூட்டு, ஃபேன் இறகு எல்லாவற்றையும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வினாகிரி எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. சிப்பின் மடிப்பில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேயுங்கள், பேன் முட்டை பதுங்குவது அங்கேதான். பிறகு புது ஒட்டுப்பொறி ஒன்றை வெறும் கூடாரத்துக்குள் தொங்கவிட்டு மூடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது அது சுத்தமாக இருந்தால் அடுத்த விதைத் தட்டை உள்ளே வைக்கலாம்.